ஸ்ட்ராங் பீரும் மாமா போட்ட மார்க்கும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். புதுச்சேரியில் மது வாங்க 18 வயசு ஆகியிருக்கணும், எல்லை தாண்டி தமிழ்நாட்டுக்குள்ள போனா 21. இந்தக் கதையில் வர்ற நாலு பேரும் ரெண்டு கணக்குலயும் பாஸ். அன்னைக்கு ராத்திரி யாரும் வண்டி எடுக்கலை. இதைப் படிச்சுட்டு யாரும் புதுசா ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கனவே ஆரம்பிச்சவங்க மட்டும் கொஞ்சம் உட்காருங்க, ஒரு கணக்கு சொல்லணும்.

பாண்டிச்சேரிக்காரன்னு சொன்னா வெளியூர்க்காரங்க கேக்குற அடுத்த கேள்வி என்னன்னு நமக்கெல்லாம் தெரியும். ரயில்ல எதிர் சீட்டுத் தாத்தா கூட கண்ணடிச்சுக்கிட்டு "அங்க ரேட் எல்லாம் எப்படி தம்பி?"ன்னு ஆரம்பிச்சுடுவார். நாமளும் சளைக்காம பிராண்டு, ரேட்டு, எந்தக் கடை எத்தனை மணிக்கு மூடும்னு ஒப்பிப்போம். ஆனா ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நம்மகிட்ட பதில் கிடையாது. "அது என்ன ருசி?" இதைக் கேட்டுப் பாருங்க. "செம கிக்கு மச்சி"ன்னு பதில் வரும். அது ருசி இல்லைங்க, விளைவு :-)

இந்தப் பதில் தப்புன்னு எனக்கும் இந்த வருஷம் வரைக்கும் தோணினதில்லை. மியூனிக்கில் வேலை பார்க்கிற எங்க பெரியப்பா பையன் லீவுக்கு வந்தப்ப மூணு பாட்டில் கொண்டு வந்தார். ரெண்டு பவ்லானர் சால்வட்டோர், ஒரு ஐயிங்கர் செலிப்ரேட்டர். செலிப்ரேட்டர் பாட்டில் கழுத்துல வெள்ளை கலர்ல ஒரு குட்டி கிடா பொம்மை தொங்குது. "இது ஸ்ட்ராங் பீர்டா, மெதுவா குடி"ன்னு சொல்லிட்டுப் போனார். நமக்குத் தெரியாத ஸ்ட்ராங்கான்னு எனக்குள்ள ஒரே சிரிப்பு.

கிடா எதுக்குன்னு தேடினதுல ஒரு கதை கிடைச்சது. வட ஜெர்மனியில் ஐன்பெக்னு ஒரு ஊர். அங்க காய்ச்சின கெட்டியான பீர் ஊர் ஊரா போய் வித்திருக்கு. 1614-இல் மியூனிக் அரசவை, ஐன்பெக்கிலிருந்து ஒரு காய்ச்சும் நிபுணரையே வரவழைச்சு அந்த பீரை உள்ளூர்லயே காய்ச்ச வச்சது. ஐன்பெக்ங்கிற பேர் பவேரியாக்காரங்க வாயில நுழைஞ்சு "ஐன் பாக்"னு ஆச்சு. ஜெர்மன் மொழியில் அதுக்கு ஒரு கிடான்னு அர்த்தம். அதுலேருந்து அந்த வகைக்கு பாக்னே பேர் ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர்ல ஊர்ப்பேர் எல்லாம் வாய்க்கு வாய் மாறி வேற அர்த்தம் ஆகுதே, அதே கதைதான்.

அதை விடக் கெட்டியா மியூனிக்கில் பவுலா துறவிகள் மடத்தில் காய்ச்சினது டாப்பல்பாக், அதாவது ரெட்டை பாக். கிறிஸ்தவங்களோட தவக்காலத்துல துறவிகளுக்கு அது ஆகாரம் மாதிரி, "திரவ ரொட்டி"ன்னு சொல்வாங்க. அந்த பீருக்குப் பேர் சால்வட்டோர், மீட்பர்னு அர்த்தம். பேர் பிரபலம் ஆனதும் மத்த கம்பெனிக்காரங்களும் அதே பேர்ல விக்க ஆரம்பிச்சாங்க. 1896-இல் அந்தப் பேர் டிரேட்மார்க் ஆச்சு. அப்புறம் மத்தவங்க எல்லாம் வால்ல "-ஆட்டோர்" சேர்த்து ஆப்டிமேட்டர், மேக்ஸிமேட்டர், அனிமேட்டர், செலிப்ரேட்டர்னு பேர் வச்சுக்கிட்டாங்க. டிரேட்மார்க் பாடத்துக்கு இதை விட நல்ல உதாரணம் எந்த கைடுலயும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு ஊர் "ஸ்ட்ராங்"குக்கும் என்ன வித்தியாசம்?

பீர்ல ஆல்கஹால் எங்கேருந்து வருதுன்னு முதல்ல பார்க்கணும். பார்லியை முளைகட்டி, காய வச்சு, லேசா வறுத்தா மால்ட். நம்ம வீட்ல கேழ்வரகை முளைகட்டி வறுத்து சத்துமாவு அரைக்கிறோமே, அதே வேலை. அதை வெந்நீர்ல ஊற வச்சா மாவுச்சத்து சர்க்கரையாகும். அந்த இனிப்புத் தண்ணியில் ஈஸ்ட்டைப் போட்டா சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலைக் கொடுக்கும். ஆனா மால்ட்ல வர்ற சர்க்கரை முழுக்க ஈஸ்ட்டால தின்ன முடியாது. தின்னது போக மிச்சம் இருக்கறதுதான் பீருக்கு உடம்பு, கனம், ருசி.

இப்ப பீரை ஸ்ட்ராங் ஆக்கணும். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மால்ட்டைக் கூட்டறது. ரெண்டாவது, சீனியோ அரிசியோ மக்காச்சோளமோ சேர்க்கறது. சீனியை ஈஸ்ட் துடைச்சு வழிச்சுத் தின்னுடும். ஆல்கஹால் மட்டும் ஏறும், உடம்பு ஏறாது.

பவேரியாவில் 1516-இல் போட்ட சட்டப்படி பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டும்தான். இன்னைக்கும் ஜெர்மனியில் காய்ச்சற லாகர்ல சீனி சேர்க்க முடியாது. ஸ்ட்ராங் வேணும்னா தானியத்தைக் கொட்டித்தான் ஆகணும், வேற வழியில்லை. டாப்பல்பாக்னு பேர் வைக்கணும்னா, புளிக்க வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கரைசல்ல நூறு கிராமுக்கு குறைஞ்சது 18 கிராம் சத்து கரைஞ்சிருக்கணும். கவனிங்க, அவங்க ஸ்ட்ராங்குக்கு அளவுகோல் ஆல்கஹால் இல்லை, உள்ள போன தானியம். அங்க பீருக்கு வரி போடறது கூட இந்தக் கரைசல் அளவை வச்சுத்தான். நூறு லிட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.787 யூரோ. 18 டிகிரின்னா லிட்டருக்கு சுமார் 14 சென்ட்.

நம்ம நாட்டுக்கு வாங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல 8 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருந்தா அது ஸ்ட்ராங் பீர். அவ்வளவுதான். உள்ள எவ்வளவு தானியம் போச்சுன்னு கேள்வியே இல்லை. பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க, மால்ட்டுக்குப் பக்கத்துல அரிசியோ மக்காச்சோளமோ சர்க்கரையோ பெரும்பாலும் இருக்கும். இந்தியாவில் விக்கற பீர்ல பெரும்பங்கு இந்த ஸ்ட்ராங்தான். வாங்கறவனும் ரூபாய்க்கு எவ்வளவு போதைன்னு பார்க்கறான், விக்கறவனும் அதைத்தான் விக்கறான். டிமாண்டும் சப்ளையும் கட்டிப்பிடிச்சு நிக்குது. நடுவுல ருசிக்கு இடமே இல்லை.

இதை நேர்ல பார்த்துடலாம்னு அப்பாவும் அம்மாவும் சிதம்பரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு, தட்டாஞ்சாவடியில் எங்க வீட்டு மொட்டை மாடியில் சபை கூடிச்சு. நான், லாஸ்பேட்டைக்காரன், முதலியார்பேட்டைக்காரன், வில்லியனூர்க்காரன். (பேரெல்லாம் போட்டா வீட்ல ஆட்டோ அனுப்புவாங்க.) வில்லியனூர்க்காரன் அவங்க சித்தப்பா கொழும்புலேருந்து கொண்டு வந்த லயன் ஸ்டவுட் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். ஒப்பிட்டுப் பார்க்க நம்ம கடையில் வாங்கின ஒரு உள்ளூர் ஸ்ட்ராங், 650 மில்லி. பேர் வேண்டாம், எல்லாம் ஒரே ஜாதகம்தான்.

மார்க் போடறதுக்கு அமெரிக்காவில் 1985-இல் ஆரம்பிச்ச பி.ஜே.சி.பி.ங்கிற பீர் நடுவர்கள் அமைப்போட தாள். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்க்குள்ள இருக்கிற கனத்துக்கு 5, ஒட்டுமொத்தமா 10. போதைக்கு மார்க்கே இல்லைங்கறதைக் கவனிங்க. லாஸ்பேட்டைக்காரன் "அப்ப இது எதுக்கு பரீட்சை?"ன்னு கேட்டான்.

நாங்க வச்சுக்கிட்ட ரூல்ஸ், உங்களுக்கும் உதவும்.

ஒண்ணு, ஆளுக்கு ஒவ்வொண்ணுலயும் 60 மில்லி. அஞ்சு கிளாஸும் சேர்ந்தா 300 மில்லி, அதாவது ஒரு லார்ஜுக்கும் கொஞ்சம் கம்மியான ஆல்கஹால். அதுக்கு மேல போனா நாக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்.

ரெண்டு, கண்ணாடி கிளாஸ். எவர்சில்வர் டம்ளர்ல கலரும் தெரியாது, நுரையும் தெரியாது.

மூணு, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து உடனே ஊத்தக் கூடாது. இந்த வகைக்கு 8-லேருந்து 12 டிகிரி வரைக்கும் சரி. ரொம்ப சில்லுன்னு இருந்தா நாக்கு மரத்துப் போயிடும், வாசனையும் மேல வராது. "சில்லுன்னு குடிச்சாத்தான் பீர்"னு சொல்றோமே, உள்ள ருசி இல்லாதப்பதான் அந்த சில்லு தேவைப்படுது.

நாலு, முதல்ல மூக்கு, அப்புறம்தான் வாய். வாசனை சீக்கிரம் பறந்துடும், ஊத்தின உடனே மோந்து பார்க்கணும்.

முதல்ல உள்ளூர் ஸ்ட்ராங். வெளிர் மஞ்சள், நுரை ரெண்டு நிமிஷத்துல காணோம். வாசனை கேட்டா, ஈரமான சோளமும் லேசா ஸ்பிரிட்டும். நாக்குல ஒரு இனிப்பு வந்து, அது போறதுக்குள்ள தொண்டையில் ஒரு எரிச்சல். சராசரி 16. இத்தனை நாள் விரும்பிக் குடிச்சதுக்கு 16 போடறப்ப எங்களுக்கே கூச்சமா இருந்தது.

அடுத்தது லயன் ஸ்டவுட். இது ஜெர்மன் வகை கிடையாது, நியாயமாப் பார்த்தா வெப்பமண்டல ஸ்டவுட்னு தனிப் பிரிவு. ஆனா அந்தப் பிரிவுல பல பீர்கள் லாகர் ஈஸ்ட்லதான் புளிக்குது, அதனால தூரத்துச் சொந்தம்னு சேர்த்துக்கிட்டோம். நுவரெலியாவில் 1881-இல் தொடங்கின பிரூவரி வழியில் வந்தது. 8.8 சதவீதம், அன்னைக்கு வந்ததுலயே அதிகம். ஆனா எரிச்சல் இல்லை. கருகின பனைவெல்லம், காப்பிக்கொட்டை, கொஞ்சம் உலர்ந்த திராட்சை. 38.

அப்புறம் செலிப்ரேட்டர். 6.7 சதவீதம்தான். பார்க்கக் கறுப்பு, செல்போன் டார்ச் அடிச்சா ஓரத்துல மாதுளம்பழச் சிவப்பு. ருசியைச் சொல்றதுக்கு எங்க யாருக்கும் வார்த்தை வரலை. கடைசியில் முதலியார்பேட்டைக்காரன்தான் சொன்னான்: "டேய், இது நம்ம பாண்டி ரொட்டியோட ஓரம்டா." அதேதான்! காலையில் பேக்கரியில் சூடா வாங்கற நீள ரொட்டி, அந்தப் பழுப்புத் தோல் இருக்கே, அந்த ருசி. இது தற்செயல் இல்லை. தானியத்துல இருக்கிற சர்க்கரையும் புரதமும் சூட்டுல சேர்ந்து பழுப்பாகி மணக்கற வினைக்கு மெயிலார்டு வினைன்னு பேர். 1912-இல் அதை விளக்கினவர் லூயி கமீல் மெயிலார்டுங்கிற பிரெஞ்சுக்காரர். ரொட்டித் தோல்ல நடக்கறதும், மியூனிக் மால்ட்டை வறுக்கறப்ப நடக்கறதும் அதே வினை. பிரெஞ்சுக்காரன் நமக்கு விட்டுட்டுப் போன ரொட்டியை வச்சு ஜெர்மன்காரனோட பீரைப் புரிஞ்சுக்கிட்டோம். 42.

கடைசியா சால்வட்டோர், 7.9 சதவீதம். ரெண்டு பாட்டில்ல ஒண்ணை நான் மறந்துபோய் சித்திரை வெயில்ல மூணு நாள் ஸ்கூட்டர் டிக்கியிலயே விட்டுட்டேன். சரி, இதையும் சோதனையாக்கிடலாம்னு ரெண்டையும் திறந்தோம். ஃப்ரிட்ஜ்ல இருந்ததுல கேரமலும் வறுத்த ரொட்டியும் அழகா இருந்தது, 40. டிக்கியில வெந்ததுல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை, 22. அதே கம்பெனி, அதே பீர். குத்தம் முழுக்க என்னோடது. வெயிலும் சூடும் பீரைக் கெடுக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, நாங்க பதினெட்டு மார்க் வித்தியாசத்துல பார்த்தோம்.

இந்த நேரத்துலதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம். தூக்குல தோசையோட எங்க மாமா! அம்மாதான் "பையன் தனியா இருக்கான், பார்த்துட்டு வா"ன்னு தம்பிக்கு போன் போட்டிருக்காங்க. எங்க மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும்.

மாமாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பன்னண்டு வருஷம், ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா ரெண்டு ஸ்ட்ராங் பீர். பிராந்தி, விஸ்கி தொட மாட்டார். யாராவது கேட்டா "நான் என்ன சரக்கா அடிக்கிறேன், பீர்தானே"ன்னு சொல்வார். வீட்லயும் அதை ஏத்துக்கிட்டாங்க. நான் காலேஜ் சேர்ந்த புதுசுல எத்தனையோ தடவை நானே கடைக்குப் போய் வாங்கிட்டு வந்து கொடுத்திருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். அன்னைக்கு விட்டவர்தான், தொடலை.

அப்படிப்பட்டவர் முன்னாடி கிளாஸை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அள்ளி எடுத்து உள்ள வைக்கப் போனேன். மாமா திட்டலை. மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். "இது என்னடா மாப்ள, குடிக்கறதுக்கு பரீட்சையா?"ன்னார். வில்லியனூர்க்காரன் பயந்துக்கிட்டே விளக்கினான். மாமா செலிப்ரேட்டர் கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனார். எனக்கு உயிரே இல்லை. மோந்து பார்த்துட்டுக் கீழ வச்சுட்டார்.

"ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் கருப்பட்டி. பன்னண்டுக்கு பதினொண்ணு போட்டுக்க."

அப்புறம் அந்த உள்ளூர் ஸ்ட்ராங் கிளாஸ். ரொம்ப நேரம் மூக்குகிட்டயே வச்சிருந்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேடா. பன்னண்டு வருஷத்துல ஒரு நாள் கூட நான் இதை மோந்து பார்த்ததில்லை."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. மார்க் ஷீட்டுக்குப் பின்னாடி நான் போட்டு வச்சிருந்த கணக்கைக் காட்டினேன். உங்களுக்கும் அதைத்தான் காட்டணும்.

650 மில்லி பீர், 8 சதவீதம்னு வச்சுக்கிட்டா 52 மில்லி சுத்த ஆல்கஹால். பிராந்தி, விஸ்கி நம்ம ஊர்ல வழக்கமா 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜுக்கு 25.7 மில்லி. அப்ப ஒரு ஸ்ட்ராங் பீர் கிட்டத்தட்ட ரெண்டு லார்ஜ். ரெண்டு பீர்னா 104 மில்லி. 180 மில்லி குவார்ட்டர்ல இருக்கறது 77. ஆக, ரெண்டு ஸ்ட்ராங் பீர்ங்கறது ஒரு குவார்ட்டர், அதுக்கு மேல ஒரு லார்ஜ்.

"பீர்தானே"ன்னு பன்னண்டு வருஷம் தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டரும் ஒரு லார்ஜும்.

மாமா அதை ரெண்டு தடவை படிச்சார். "யாருமே சொல்லலையேடா"ன்னார். தோசையைச் சூடா சாப்பிடச் சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டார். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை.

இது ஏழாங்கிளாஸ் சதவீதக் கணக்கு. பி.காம் படிக்கிற நான், யூனிட் காஸ்ட் கணக்கெல்லாம் போடற நான், பாட்டில் வாங்கிக் கொடுத்தப்ப ஒரு தடவை கூட இதைப் போட்டுப் பார்க்கலை. லேபிள்ல பெர்சென்ட் இருந்தது. படிச்சேன். அதை "கிக்கு"ன்னு மட்டும்தான் படிச்சேன்.

இப்ப நீங்க கேக்கப் போறது தெரியும். "அப்ப இம்போர்ட்டட் பீர் குடிச்சா கல்லீரல் கெடாதா?" கெடும். சால்வட்டோர் அரை லிட்டர்ல 39.5 மில்லி ஆல்கஹால் இருக்கு, ஒன்றரை லார்ஜ். கல்லீரலுக்கு மால்ட்டும் தெரியாது, சீனியும் தெரியாது. தினம் ரெண்டு டாப்பல்பாக் குடிச்சாலும் மாமா அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருப்பார். "நான் ருசிக்குக் குடிக்கிறேன்"ங்கறது "பீர்தானே"யோட இங்கிலீஷ் மீடியம் தம்பியா ஆயிடக் கூடாது. அந்த பயம் எனக்கும் இருக்கு.

இன்னொண்ணும் கேக்கலாம். "நாள் முழுக்க மூட்டை தூக்கறவன் சாராயக் கடையில் நின்னு மோந்து பார்த்து மார்க் போடுவானா?" நியாயமான கேள்வி. அண்ணன் பிளைட்ல கொண்டு வந்த பாட்டிலை வச்சு நான் அவங்களுக்கு உபதேசம் பண்ண முடியாது. நான் சொல்றது நம்ம செட்டுக்கு. கையில் நேரமும் படிப்பும் இருந்தும், பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஸ்ட்ராங்கைக் கவுத்தறோமே, நமக்கு.

அன்னைக்கு ராத்திரி நாங்க நாலு பேரும் ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். குடிச்சது ஆளுக்கு ஒரு லார்ஜ் கணக்கு கூட இல்லை. மார்க் போடணும்னா யோசிக்கணும், யோசிக்கணும்னா நிதானம் வேணும். அதுக்காகவே கை தானா நின்னுச்சு. உள்ளூர் ஸ்ட்ராங்ல மிச்சம் இருந்ததை யாரும் தொடலை, காலையில் சாக்கடையில் ஊத்தினேன். இதுக்கு முன்னாடி எங்க செட்டுல ஒரு சொட்டு மிஞ்சினதா சரித்திரமே கிடையாது :-)

நல்ல பீர்னா எது, மோசமான பீர்னா எதுன்னு தெரிஞ்சுட்டா பாதிக்கு மேல வேண்டாம்னு தோணிடும். நல்ல சாப்பாடு தெரிஞ்சவன் ஊசிப்போன குழம்பைத் தொட மாட்டான் இல்லையா, அது மாதிரிதான். கம்பெனிக்காரங்க லேபிள்ல ஆல்கஹால் அளவு போடற மாதிரி, எவ்வளவு மால்ட், எவ்வளவு சீனின்னும் போடணும். "இந்த பாட்டில் எத்தனை லார்ஜ்"னும் பெரிய எழுத்துல போடணும். அவங்க போடற வரைக்கும் நாமளே போட்டுக்கலாம், பெருக்கல் கணக்குதானே.

அடுத்த தடவை யாராவது "பீர்தானே மச்சி"ன்னு சொன்னா, பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டுங்க. 650-ஐ 8-ஆல பெருக்கி நூறால வகுக்கச் சொல்லுங்க. அப்புறம் மோந்து பார்க்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் குடிக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம்.

கிடா பொம்மை இப்ப என் சாவிக்கொத்துல தொங்குது. அம்மா எதுன்னு கேட்டாங்க. அண்ணன் ஜெர்மனியிலேருந்து கொண்டு வந்ததுன்னு சொன்னேன். பொய் இல்லையே!